விதைப் பொட்டலத்துக்கு விலை வைக்கலாமா?

14 ஜூலை 2024, காலை: திண்டுக்கல் வாசகர் ஒருவரின் கேள்வி

"ஆண்டுதோறும் ஆடிப் பட்டத்துக்கு முன்னால், கேட்பவர்களுக்கெல்லாம் நாட்டுக் காய்கறி விதைகளை இலவசமாக அனுப்பி வருகிறேன். உறை, தபால்தலை, பொட்டலம் மடிக்கும் நேரம் எல்லாம் என்னுடையவை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் விதைத்தார்களா, முளைத்ததா என்றுகூடச் சொல்வதில்லை. சும்மா கிடைக்கும் பொருளுக்கு மதிப்பில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த ஆண்டு முதல் ஒரு பொட்டலத்துக்கு 20 ரூபாய் வைக்கலாம் என்று நினைக்கிறேன். மற்றவர்களும் அப்படியே செய்தால் நல்லது. உங்கள் கருத்து என்ன?"

14 ஜூலை 2024, இரவு

விலை வைக்க வேண்டாம். உங்கள் மனக்குறை நியாயமானது. நீங்கள் சொல்லும் மருந்து அந்த நோய்க்குரியதன்று. உங்களை வருத்துவது தபால் செலவு இல்லை. கொடுத்த விதை என்னவாயிற்று என்று தெரியாமல் போவதுதான் உங்களை வருத்துகிறது. 20 ரூபாய் வாங்கிக்கொண்டால் அந்தச் செய்தி வந்துவிடுமா? காசு கொடுத்தவர் கணக்கு முடிந்தது என்று எண்ணிக்கொள்வார். இப்போது கூச்சத்தினாலாவது ஒரு வரி எழுதும் சிலர், அப்போது அதையும் எழுத மாட்டார்கள்.

விதை மற்றப் பொருள்களைப் போன்றதன்று. அரிசியை வாங்கும்போது கையில் அள்ளிப் பார்த்து, வாயில் போட்டு மென்று பார்த்துத் தரம் சொல்லிவிடலாம். ஒரு சுரை விதையைக் கையில் வைத்துக்கொண்டு அது குடுவைச் சுரையா, நீளச் சுரையா, பக்கத்துத் தோட்டத்தின் மகரந்தம் கலந்ததா, எந்த மாதத்தில் ஊன்ற வேண்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. கொடுப்பவரின் சொல்லை நம்பித்தான் வாங்குகிறோம். அந்தச் சொல் கூடவே போக வேண்டும்; விளைந்த பிறகு வாங்கியவரின் சொல் திரும்பி வர வேண்டும். விதை பரிமாறிக்கொள்ளும் நம் குழுவில் குறைந்துபோயிருப்பது இதுதான்.

15 ஜூலை 2024

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. இலவசம், விலை என்ற இரண்டு வழிகள்தாம் உள்ளன என்று நினைக்க வேண்டியதில்லை. மூன்றாவது வழியைத் திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் ஐயா நமக்குக் காட்டிச் சென்றிருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் அங்கு நடந்த நெல் திருவிழாவில் உழவர் ஒருவருக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார்கள். காசு வாங்குவதில்லை. அடுத்த ஆண்டு திருவிழாவுக்கு அவர் 4 கிலோவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அந்த 4 கிலோ மேலும் இரண்டு பேருக்குப் போகும்.

நான் மன்னார்குடிக்காரி. எங்கள் பெரியப்பா அந்தத் திருவிழாவில் மாப்பிள்ளைச் சம்பா வாங்கி வந்து சாகுபடி செய்தவர். அவர் சொன்ன ஒன்று எனக்கு இன்றும் முக்கியமாகப் படுகிறது: திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில்தான் அவர் அந்த நெல்லைப் பற்றி அதிகம் கற்றுக்கொண்டார். விதை வாங்கும் நாளில் எல்லோரும் புதியவர்கள்; என்ன கேட்பது என்றே தெரியாது. ஒரு போகம் விளைவித்துவிட்டு 4 கிலோவுடன் வந்து நிற்பவரிடம் கேள்விகள் நிறைய இருக்கும். பயிர் ஏன் சாய்ந்தது, தண்ணீரை எப்போது வடித்திருக்க வேண்டும், உவர் நிலத்துக்கு எது வரும், அதற்குக் குழியடிச்சான் நெல் போடலாமே என்று பேச்சு வளரும். அந்த ஒற்றை நிபந்தனை விதையைப் பெருக்கியது, உழவரையும் இரண்டாம் முறை அழைத்து வந்தது. 150க்கும் மேற்பட்ட நெல் வகைகள் மீண்டும் வயல்களில் பரவியதற்கு அந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காய்கறி விதையில் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுப்பது கடினமே அன்று. ஒரே ஒரு கத்தரிப் பழத்தை முற்றவிட்டாலே நூற்றுக்கணக்கில் விதை கிடைக்கும்.

18 ஜூலை 2024

"அப்படியானால் வாங்குபவர் திருப்பி அனுப்ப வேண்டியது எவ்வளவு?" என்று கும்பகோணத்து அன்பர் கேட்டிருக்கிறார். அளவைப் பெரிதாக நினைக்க வேண்டாம். விளைந்ததிலிருந்து ஒரு பொட்டலம் இன்னொருவருக்குப் போக வேண்டும். கொடுத்தவருக்கு ஒரு குறிப்பு வர வேண்டும். எந்த ஊர், எப்போது விதைத்தது, எத்தனை முளைத்தன, எப்போது பூத்தது, என்ன பூச்சி வந்தது, ருசி எப்படி. ஐந்தாறு வரிகள் போதும்.

கொடுப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பொட்டலத்தின் மேல் "சிறகவரை" என்று மட்டும் எழுதி அனுப்புவது பாதி உதவிதான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் நம்மில் பலருக்கு ஒவ்வோர் ஆண்டும் இதே மனவருத்தம் ஏற்படுகிறது.

சேலத்திலிருந்து எழுதும் சகோதரி ஒருவர் தை மாதத்தில் சிறகவரை விதை வாங்கி உடனே ஊன்றினார். கொடி பந்தலை மூடிக்கொண்டு வளர்ந்தது. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, ஒரு பூகூட இல்லை. சாம்பல் போட்டார், மீன் அமிலம் தெளித்தார், நுனி கிள்ளினார். கடைசியில் மலட்டு விதையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று மனம் கசந்து கொடியை அறுத்தெறிந்துவிட்டார். விதையில் குறையே இல்லை. சிறகவரை பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் ஐப்பசி, கார்த்திகையில் பூவெடுத்துப் பனிக்காலம் முழுதும் காய்க்கும். தையில் ஊன்றினால் பகல் நீண்டுகொண்டே போகும் மாதங்களில் இலையாகவே தழைத்துக்கொண்டிருக்கும். நம் நாட்டுக் கொடி அவரைகளில் பெரும்பாலானவையும் இப்படித்தான். வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட செடி அவரை வகைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது; அவற்றை எந்தப் பருவத்திலும் போடலாம். கொடி அவரைக்கும் செடி அவரைக்கும் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, உறையின்மேல் "அவரை" என்று ஒற்றைச் சொல்லை எழுதி அனுப்பினால் வாங்குபவர் என்ன செய்வார்?

"ஆடியில் ஊன்றவும், கார்த்திகை வரை பொறுக்கவும்." இந்த ஒரு வரி அந்தப் பொட்டலத்தில் இருந்திருந்தால், சேலத்துச் சகோதரிக்கு ஆறு மாத உழைப்பும், கொடுத்தவர்மேல் இருந்த நல்லெண்ணமும் மிஞ்சியிருக்கும்.

19 ஜூலை 2024

ஒரு சேர்க்கை. விதை எடுத்த மாதத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். வெங்காய விதை ஓர் ஆண்டு தாண்டினாலே முளைப்புத்திறன் வெகுவாகக் குறைந்துவிடும். தக்காளி, கத்தரி விதைகளை நன்றாக உலர்த்திக் காற்றுப் புகாமல் வைத்தால் சில ஆண்டுகள் தாங்கும். பழைய விதையைக் கொடுப்பதில் தவறில்லை, பழையது என்று சொல்லிவிட்டுக் கொடுத்தால்.

3 ஆகஸ்ட் 2024

இன்று ஆடிப் பெருக்கு. காவிரிக் கரை ஊர்களில் முளைப்பாரி கரைக்கும் நாளில், "இப்படி விதையை அஞ்சலில் பரிமாறிக்கொள்வது சட்டப்படி சரியா?" என்று ஓர் இளைஞர் கவலையோடு கேட்டிருக்கிறார். 2019-இல் குஜராத்தில் உருளைக்கிழங்கு விளைவித்த உழவர்கள்மீது ஒரு பன்னாட்டு நிறுவனம் வழக்குத் தொடுத்த செய்தியைப் படித்ததிலிருந்து அவருக்கு இந்த அச்சம் உண்டாம்.

அச்சப்பட வேண்டாம். அந்த வழக்குகள் கடும் எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டிலேயே திரும்பப் பெறப்பட்டன. 2001-ஆம் ஆண்டின் பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, உழவர் தம் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பரிமாறவும், பகிரவும், விற்கவும்கூட உரிமை தருகிறது. பதிவு செய்து பாதுகாக்கப்பட்ட வகைக்கும் இது பொருந்தும். அப்படிப்பட்ட வகையை வணிகப் பெயரிட்டு விதையாக விற்பது மட்டும் கூடாது. நாம் பரிமாறிக்கொள்ளும் நாட்டுக் கத்தரிக்கும் சுரைக்கும் தனி உரிமையாளர் என்று யாரும் இல்லை.

திண்டுக்கல் ஐயாவின் யோசனைக்கும் சட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தில் 24-ஆவது பிரிவு ஒரு விலக்குத் தருகிறது: ஒருவர் தாம் விளைவித்த விதையைத் தம் இடத்திலேயே, விதைக்கப் போகும் இன்னொருவருக்கு நேரடியாகக் கொடுத்தாலோ விற்றாலோ அந்தச் சட்டம் குறுக்கிடாது. ஆனால் பொட்டலத்துக்கு இவ்வளவு என்று விலை குறித்து, பட்டியல் போட்டு, ஊர் ஊராக அனுப்பத் தொடங்கினால் அது விதை வணிகம் என்ற எல்லையை நெருங்குகிறது. 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணை விதை வணிகத்துக்கு உரிமம் கேட்கிறது. மாடியில் பத்துத் தொட்டி வைத்திருக்கும் நாம் ஏன் அந்த எல்லைக்குப் போக வேண்டும்?

11 ஆகஸ்ட் 2024

திண்டுக்கல் ஐயா மறுமொழி எழுதியிருக்கிறார்: "நிபந்தனை வைத்தாலும் திருப்பித் தராதவர்கள் தர மாட்டார்கள். நீங்கள் மனிதர்களை அளவுக்கு மீறி நம்புகிறீர்கள்."

எல்லோரும் திருப்பித் தருவார்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் தர வேண்டிய தேவையும் இல்லை. பத்துப் பேரில் இருவர் விதை எடுத்து மேலும் இருவருக்குக் கொடுத்தாலே அந்த வகை அழியாது. ஒரு வகையைக் காப்பாற்ற அது போதும்.

இன்னொன்றையும் யோசித்துப் பார்த்தேன். மௌனமாகிவிடுபவர்களை நாம் ஒரே கூட்டமாகப் பார்க்கிறோம். விதையை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்தவர்கள் இருக்கிறார்கள், உண்மை. ஆனால் விதைத்து, முளைக்காமல் போய், அதைச் சொல்லக் கூசி ஒதுங்கிக்கொள்பவர்கள் அவர்களைவிட அதிகம் என்பது என் கணிப்பு. எங்கள் தெருவிலேயே ஓர் அம்மா இருக்கிறார். நான் கொடுத்த பாகல் விதையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போன இடத்தில் தொட்டியைப் பார்த்தேன். விதை ஒரு சாண் ஆழத்தில், களிமண்ணுக்கு அடியில், ஓடு திறக்காமல் அப்படியே ஊறி அழுகிக் கிடந்தது. "கை ராசியில்லாதவள் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களோ என்று சொல்லவில்லை" என்றார். நகவெட்டியால் விதையின் கூர்முனை ஓட்டை லேசாகக் கிள்ளிவிட்டு, ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் சுருட்டி முளை கண்ட பிறகு விரல் நுனி ஆழத்தில் வைக்கச் சொன்னேன். அந்த ஆண்டு அவர் வீட்டுப் பாகற்காய் எங்கள் தெருவுக்கே வந்தது.

ஆகவே வாங்கியவரிடம் "விளைந்ததா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி தேர்வு முடிவு கேட்பதைப் போல இருக்கிறது. "எந்த மண்ணில் போட்டீர்கள், எத்தனை நாளில் தலைகாட்டியது?" என்று கேளுங்கள். முளைக்கவில்லை என்றால் அதைச் சொல்வதற்கு அந்தக் கேள்வியிலேயே இடம் இருக்கும்.

12 ஆகஸ்ட் 2024

நேற்றையதன்மேல் ஒரு மறுயோசனை. கூச்சம் வாங்குபவர்களுக்கு மட்டும் உரியதன்று. தம் விதை முளைக்கவில்லை என்று யாராவது எழுதினால் கொடுத்தவர்கள் உடனே "என்னிடம் எல்லாம் முளைத்ததே" என்று பதிலளிப்பதை நான் இங்கே பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பதிலுக்குப் பிறகு யாரும் வாய் திறப்பதில்லை. அனுப்புவதற்கு முன் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பார்த்துவிட்டு, "பத்தில் ஏழு முளைத்தது, ஆகவே குழிக்கு இரண்டு போடுங்கள்" என்று எழுதி அனுப்பினால் இந்த வாக்குவாதத்துக்கே இடமில்லை.

8 செப்டம்பர் 2024

தேனிச் சகோதரியின் கேள்வி நல்ல கேள்வி: "சென்ற ஆண்டு கும்பச் சுரை என்று வாங்கினேன். காய் கழுத்து நீண்டு வேறு வடிவில் வந்திருக்கிறது. கொடுத்தவர் பொய் சொன்னாரா?"

பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை. கொடுத்தவர் கொடியில் கும்பச் சுரை காய்த்திருக்கும். அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் பக்கத்து வீட்டு நீளச் சுரையின் மகரந்தம் அந்தப் பூவில் சேர்ந்திருந்தால், அந்தக் காய் தாயைப் போலவே இருக்கும். உள்ளே உள்ள விதைதான் கலப்பாகியிருக்கும். கலப்பு அடுத்த தலைமுறையில்தான் கண்ணுக்குத் தெரியும். சுரை பூசணியோடு கலக்காது, பீர்க்கோடு கலக்காது. சுரை வகைகள் தங்களுக்குள் மிக எளிதாகக் கலக்கும். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. அதில் அச்சம் குறைவு. கத்தரியிலும் வெண்டையிலும் வண்டும் தேனீயும் ஓரளவு கலந்துவிடும். மிளகாய் இன்னும் தாராளமாகக் கலக்கும். வீரிய ஒட்டு ரகமாக, அதாவது இரண்டு வகைகளைச் சேர்த்து உருவாக்கிய விதையாக இருந்தால் கலப்பே இல்லாமல்கூட அடுத்த தலைமுறை பலவிதமாகப் பிரிந்துவிடும்; ஆகையால் கடையில் வாங்கிய ஒட்டு ரகத்திலிருந்து எடுத்த விதையைத் தயவுசெய்து நாட்டு விதை என்று யாருக்கும் கொடுக்காதீர்கள்.

சுரையில் கலப்பைத் தவிர்ப்பது கடினமில்லை. சுரைப்பூ வெள்ளையாக, அந்தி சாயும் நேரத்தில் மலர்வது. மாலை நான்கு மணிக்குக் கொடியைப் பார்த்தால் அன்று மலரப் போகும் மொட்டுகள் தெரியும்; இதழ் நுனி பச்சை மாறி வெளுத்துச் சற்றே தளர்ந்திருக்கும். அடியில் சுண்டைக்காய் அளவில் மெல்லிய ரோமத்தோடு பிஞ்சு இருப்பது பெண் மொட்டு. நீண்ட காம்பில் வெறுமனே நிற்பது ஆண் மொட்டு. இரண்டையும் மெல்லிய துணிப் பையால் மூடிக் கட்டிவிடுங்கள். இருட்டும் நேரத்தில் ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களை நீக்கி, மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும் நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மென்மையாகத் தடவி, பெண் பூவை மறுபடியும் மூடிவிடுங்கள். இரண்டு மூன்று நாள்களில் பிஞ்சு தலைகவிழ்ந்து பருக்கத் தொடங்கினால் பையை எடுத்துவிட்டுக் காம்பில் ஒரு வண்ண நூலைக் கட்டுங்கள். நூல் கட்டிய காய் விதைக்கு; மற்றவை குழம்புக்கு. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் நூல் கட்டிய காய்தான் முதலில் அரிவாள்மனைக்குப் போகும். விதைக்காய் கொடியிலேயே முற்றி, ஓடு கெட்டியாகி, ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும் வரை இருக்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்த விதையா, செய்யாத விதையா என்பதையும் உறையில் எழுதுங்கள். "கலந்திருக்கலாம்" என்று எழுதுவதில் இழுக்கில்லை.

6 அக்டோபர் 2024

அஞ்சல் பற்றி இருவர் கேட்டதற்குச் சுருக்கமாக: 20 கிராம் வரை சாதாரணக் கடிதத்துக்கு 5 ரூபாய் தபால்தலை போதும். அஞ்சலகத்தில் முத்திரை குத்தும்போது சுரை, பாகல், அவரை போன்ற பருத்த விதைகள் நொறுங்குகின்றன. பழைய அழைப்பிதழ் அட்டை இரண்டை வெட்டி, நடுவில் விதைகளை ஒற்றை வரிசையாகப் பரப்பி, ஓரங்களை ஒட்டி, தபால்தலை இருக்கும் மூலைக்கு எதிர் மூலையில் அமையுமாறு வையுங்கள். மழைக்காலத்தில் நெகிழி உறையில் அடைப்பதற்கு முன் விதை முழுதும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு அடைத்தால் போய்ச் சேர்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். நிழலில் காய வையுங்கள். வசம்புப் பொடியோ அடுப்புச் சாம்பலோ ஒரு சிட்டிகை சேர்த்தால் வண்டு அண்டாது.

16 நவம்பர் 2024

கஜா புயல் கரையைக் கடந்து இன்றோடு ஆறு ஆண்டுகள். விலை பற்றிய பேச்சுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய காற்று, மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, திருத்துறைப்பூண்டி என்று எங்கள் பக்கத்துத் தென்னைகளை லட்சக்கணக்கில் சாய்த்தது. எங்கள் மாடி அறையின் சிமெண்டுத் தகடு பறந்துபோய், அதன்கீழ் இருந்த தகரப் பெட்டியில் மழை இறங்கியது. பல ஆண்டுகளாகச் சேர்த்த விதைகள் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. அடுத்த சில நாள்களில் அவற்றைப் பிரித்துப் பார்த்தபோது பாதி முளைவிட்டிருந்தன, பாதி அழுகியிருந்தன. எங்கள் அப்பாயி காலத்திலிருந்து கொல்லையில் இருந்த வரிக் கத்தரி அதோடு போயிற்று என்றே நினைத்தேன். அந்த டிசம்பர் 6-ஆம் தேதி நெல் ஜெயராமன் ஐயாவும் காலமானார். எங்கள் வட்டாரமே துவண்டு கிடந்த நேரம் அது.

பொங்கலுக்கு முன்பாக எனக்கு ஓர் உறை வந்தது. மதுரைப் பக்கத்தில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஓர் ஆசிரியை அனுப்பியிருந்தார். என்னிடமிருந்து எப்போதோ வாங்கிப்போன வரிக் கத்தரியின் விதை, மேலே அவர் கையெழுத்தில், "உங்கள் ஊர் விதை. இங்கே நன்றாக வருகிறது. நிறம் சற்று வெளிறுகிறது, ருசி மாறவில்லை. உங்களிடம் இருக்கிறதோ இல்லையோ என்று அனுப்புகிறேன்" என்று எழுதியிருந்தது. வாங்கிப்போன பிறகு அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை. திருப்பித் தராதவர்கள் என்று திண்டுக்கல் ஐயா சொன்ன கணக்கில்தான் நானும் அவரை வைத்திருந்திருப்பேன்.

பெரிய அளவிலும் இதுவே நடந்திருக்கிறது. சிரியாவின் அலெப்போ அருகே இருந்த பன்னாட்டு வறண்ட நில வேளாண் ஆய்வு மையம், உள்நாட்டுப் போரினால் தன் விதை வங்கியை இயக்க முடியாமல் போனபோது, முன்பே நார்வேயின் ஸ்வால்பார்ட் உலக விதைப் பெட்டகத்தில் வைத்திருந்த தன் விதைகளை 2015-இல் திரும்பக் கேட்டு வாங்கியது. அவற்றை லெபனானிலும் மொராக்கோவிலும் பயிரிட்டுப் பெருக்கி, 2017-இல் ஒரு பகுதியை மீண்டும் பெட்டகத்துக்கே அனுப்பியது. நம்மிடம் பனிமலைப் பெட்டகம் இல்லை. சேலத்திலும் தேனியிலும் மதுரையிலும் நமக்கு வீடுகள் இருக்கின்றன.

20 ரூபாய்க்கு விற்றிருந்தால் அந்த ஆசிரியைக்கு என் ஊரும் என் பெயரும் நினைவிருந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

1 டிசம்பர் 2024

நான் ஜூலையில் சொன்னதைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. கேட்பவர்களுக்கெல்லாம் எல்லா விதையையும் கொடுப்பது சரியில்லை. ஐந்தே விதை மிஞ்சியிருக்கும் ஓர் அரிய வகையை, முதல் முறையாகத் தொட்டி வாங்கியவருக்கு அனுப்புவது அவருக்கும் நன்மையன்று, அந்த விதைக்கும் நன்மையன்று. புதியவர்களுக்கு வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போன்றவற்றைக் கொடுங்கள். சில நாள்களில் முளை தெரியும், சீக்கிரமே பறிக்கலாம், விதை எடுப்பதும் எளிது. வெண்டைக்காய் செடியிலேயே காய்ந்து வெடிக்கும் நிலையில் உரித்தால் போதும். அதிலிருந்து ஒரு பொட்டலம் விதை திருப்பி அனுப்பியவருக்கு அடுத்த முறை வேலூர் முள்ளுக் கத்தரியோ, கலப்பில்லாத சுரையோ போகட்டும்.

இது பாகுபாடு என்று ஒருவர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. காத்திருப்பவருக்கு இதைச் சொல்லிவிட்டே செய்யலாம்: "இந்த வகை இப்போது குறைவாக இருக்கிறது, நீங்கள் வெண்டையில் ஒரு முறை விதை எடுத்துப் பாருங்கள், அடுத்த பட்டத்துக்கு இதை உங்களுக்கென்று எடுத்து வைக்கிறேன்." எடுத்து வைப்பதாகச் சொன்னால் எடுத்து வைக்க வேண்டும்.

22 டிசம்பர் 2024

சேலத்துச் சகோதரி ஆடியில் மறுபடியும் சிறகவரை ஊன்றியிருக்கிறார்! வெளிர்நீலப் பூக்களும், நான்கு பக்கமும் சுருக்கு வைத்துத் தைத்ததுபோன்ற காய்களும் தொங்கும் படத்தைப் பார்த்தேன். அவரே அடியில் எழுதியிருக்கும் குறிப்பு எல்லோருக்கும் பயன்படும்: ஆடி முதல் வாரத்தில் ஊன்றியது, ஐப்பசிக் கடைசியில் முதல் பூ, காயை விரல் நீளத்திலேயே பறித்துவிட வேண்டும், விட்டால் நார் ஏறிவிடும். தமக்கு முதலில் விதை கொடுத்தவரிடம் நேரில் பேசிவிட்டதாகவும் எழுதியிருக்கிறார்.

9 பிப்ரவரி 2025

திண்டுக்கல் ஐயா ஆறு மாதத்துக்குப் பின் எழுதியிருக்கிறார். 20 ரூபாய் யோசனையைக் கைவிட்டு, ஆடியில் அனுப்பிய ஒவ்வோர் உறையிலும் விதைக் குறிப்போடு, தம் முகவரி எழுதிய ஓர் அஞ்சலட்டையையும் வைத்து அனுப்பினாராம். எல்லாம் திரும்பி வரவில்லை. வந்தவற்றில் சிலவற்றில் "எலி தின்றுவிட்டது", "மாவுப்பூச்சி தாங்கவில்லை" என்று மட்டும் இருந்தனவாம். அவற்றைப் படித்தது தமக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். அஞ்சலட்டை வைத்தது மிக நல்ல யோசனை ஐயா; எனக்கு அது தோன்றவேயில்லை.

தபால் செலவு பற்றிய அவருடைய கேள்வி இன்னும் தீராமல் நிற்கிறது. அந்தச் சுமை ஒருவர் தலையிலேயே விழக் கூடாது என்பதில் அவர் பக்கம்தான் நியாயம். நான் கடைப்பிடிக்கும் முறை இது: விதை கேட்பவர் தம் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய ஓர் உறையை இன்னோர் உறைக்குள் வைத்து எனக்கு அனுப்ப வேண்டும். அதற்கு 10 ரூபாயும் அஞ்சல்பெட்டி வரை ஒரு நடையும் ஆகும். விதைக்கு விலையில்லை, வேண்டும் என்பவரின் முனைப்பும் அதிலேயே தெரிந்துவிடும். உறை வாங்கி அனுப்ப இயலாத நிலையில் இருப்பவர்கள் தனியே ஒரு வரி எழுதினால் போதும், அந்தச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சித்திரைப் பட்டத்துக்கு என்னிடம் இப்போது இருப்பவை: வரிக் கத்தரி, பச்சை வெண்டை, கொத்தவரை, மிதி பாகல், கையால் மகரந்தம் சேர்த்த குடுவைச் சுரை. எல்லாம் சென்ற தையில் எடுத்தவை. கத்தரி பத்தில் எட்டு முளைத்தது, பாகல் பத்தில் ஆறு. வெண்டை மட்டும் கலந்திருக்கலாம். கொடி அவரையும் சிறகவரையும் ஆடிக்கு முன் யாருக்கும் அனுப்ப மாட்டேன். அவற்றைக் கேட்டு எழுதியிருப்பவர்களின் பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.